அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் ஷேல் எரிவாயுத் துளையீட்டுக்கான எதிர்ப்பு: பாறையின் எல்லையும் சட்டத்தின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரிப் படுகையில் ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எழுந்த எதிர்ப்பு பெரும்பாலும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் நெல் விளைநிலங்களை மையமிட்டே ஆராயப்பட்டுள்ளது. அப்படுகையின் மேற்கு விளிம்பில் உள்ள அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்த தொழிற்பகுதிகளாகக் கருதப்படுவதால், அங்கு எழுந்த எதிர்ப்பு டெல்டாப் போராட்டத்தின் நீட்சியாகவே கொள்ளப்படுகிறது. அவ்வெதிர்ப்புக்குத் தனித்த அடிப்படைகள் உண்டு என்பதையும், 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் வரைந்த எல்லை நிலத்தடிப் பாறையின் எல்லையோடு பொருந்தாமையால் இம்மாவட்டங்களின் பாதுகாப்பு நிர்வாக முடிவை மட்டுமே சார்ந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஷேல் எரிவாயு, காவிரிப் படுகை, அரியலூர், பெரம்பலூர், நீரியல் விரிசல், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், நிலத்தடி நீர்.

1. முன்னுரை

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரு செய்திகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதலாவது, புதுக்கோட்டை மாவட்டம் வடதெரு பகுதியை ஹைட்ரோகார்பன் ஏலத்தில் ஒன்றிய அரசு சேர்த்தது. அதனைக் கைவிடக் கோரி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஜூன் 13 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இரண்டாவது, அரியலூர் மாவட்டத்தில் 10, கடலூர் மாவட்டத்தில் 5 என ஆய்வுக் கிணறுகள் தோண்டுவதற்கு எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் (ஓ.என்.ஜி.சி.) மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்திடம் அனுமதி கோரியது. அரியலூர் தொடர்பான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகத் தொழில்துறை அமைச்சர் தங்கம் தென்னரசு ஜூன் 21 அன்று அறிவித்தார்.

இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு வெற்றிகள் போலத் தோன்றினும், அவற்றின் சட்ட அடிப்படை வேறு வேறானது. டெல்டாவைச் சார்ந்த புதுக்கோட்டை ஒன்றியங்களைக் காப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. அரியலூரைக் காப்பதற்கு அத்தகைய சட்டம் இல்லை. இவ்வேறுபாடு ஏன் தோன்றியது, அதன் விளைவு என்ன என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

2. ஷேல் எரிவாயுவும் எடுக்கும் முறையும்

வழக்கமான இயற்கை எரிவாயு, தான் தோன்றிய பாறையிலிருந்து மேலேறி, துளைகள் மிகுந்த மணற்பாறையில் தேங்கி நிற்கும். அத்தேக்கத்தைத் துளையிட்டால் வாயு தன் அழுத்தத்தாலேயே வெளிவரும். ஷேல் எனப்படும் களிப்பாறையோ மிக நுண்ணிய துகள்களால் ஆனது. அதில் உருவான வாயு வெளியேற வழியின்றி அங்கேயே சிறைப்பட்டிருக்கும். அதனை எடுக்க முதலில் செங்குத்தாகவும், பின்னர் பாறை அடுக்கின் ஊடே கிடைமட்டமாகவும் துளையிட வேண்டும். பிறகு நீர், மணல், வேதிப்பொருள்கள் கலந்த கலவையை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல்களை உண்டாக்க வேண்டும். இதுவே நீரியல் விரிசல் முறை.

இம்முறையின் மூன்று இயல்புகள் இங்குக் கருதத்தக்கவை. முதலாவது, நீர்த்தேவை. ஒரு கிணற்றுக்குச் சுமார் 57 லட்சம் லிட்டர் முதல் 6 கோடி லிட்டர் வரை நீர் தேவைப்படும் என்பது அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் கணிப்பு. இரண்டாவது, கழிவுநீர். செலுத்தப்பட்ட நீரின் ஒரு பகுதி, பாறையிலுள்ள உப்புகளையும் உலோகங்களையும் ஏந்தி மேற்பரப்புக்குத் திரும்புகிறது. மூன்றாவது, கிணறுகளின் எண்ணிக்கை. ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் சில ஆண்டுகளிலேயே விரைந்து குறைவதால், உற்பத்தியைத் தக்கவைக்கப் புதிய கிணறுகளைத் தொடர்ந்து தோண்ட வேண்டியிருக்கிறது.

இவ்வியல்புகளைக் கருதியே பிரான்சு 2011இல் இம்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2014இல் தடையை அறிவித்தது. நில அதிர்வுகள் பதிவானதைத் தொடர்ந்து இங்கிலாந்து 2019 நவம்பரில் இம்முறையை நிறுத்திவைத்தது.

3. நிலவியல் பின்னணி

அரியலூர், பெரம்பலூர் பகுதிகள் நிலவியலாளர்களுக்கு நன்கு அறிமுகமானவை. கிரெட்டேசியக் காலத்தில் கடல் இங்குப் பலமுறை முன்னேறிப் பின்வாங்கியது. அக்கடற்படிவுகள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரமும், காரைப் பகுதியின் களிப்பாறை மேடுகளில் கிடைக்கும் கடலுயிர்ப் புதைபடிவங்களும் அக்கடலின் சான்றுகள். இன்றைய சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருளான சுண்ணாம்புக்கல்லும் அதே கடல் விட்டுச் சென்றதே.

மேற்கே வெளிப்பட்டுத் தெரியும் இப்படிவுகள் கிழக்கே செல்லச் செல்ல ஆழத்தில் புதைகின்றன. ஷேல் எரிவாயு குறித்த மதிப்பீடுகளில் இடம்பெறும் ஆண்டிமடம் அமைப்பும், அதற்கு மேலுள்ள சாத்தப்பாடி களிப்பாறையும் இவ்வாறு ஆழத்தில் புதைந்தவை. முதலாவதற்குப் பெயர் தந்த ஆண்டிமடம் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் வெளியிட்ட உலக ஷேல் வள மதிப்பீட்டில், காவிரிப் படுகையின் அரியலூர்–புதுச்சேரி உட்படுகையும் தஞ்சாவூர் உட்படுகையும் வாய்ப்புள்ள பகுதிகளாகக் குறிக்கப்பட்டன. படுகை முழுவதிலும் சுமார் 30 லட்சம் கோடி கன அடி வாயு இருக்கலாம் என்றும், அதில் சுமார் 5 லட்சம் கோடி கன அடியே எடுக்கத்தக்கது என்றும் அம்மதிப்பீடு கூறியது. இந்தியா முழுமைக்கும் எடுக்கத்தக்கதாகக் கணிக்கப்பட்ட 96 லட்சம் கோடி கன அடியில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு தெளிவு தேவை. களிப்பாறை தென்படும் இடமெல்லாம் எரிவாயு இருப்பதில்லை. பாறை போதிய ஆழத்தில் புதைந்து வெப்பமுற்றிருந்தால்தான் வாயு உருவாகும். பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடினப்பாறைப் பகுதி. அதன் கிழக்குப் பகுதியிலோ படிவுகள் மேற்பரப்பிலேயே வெளிப்பட்டுள்ளன. எனவே, துளையீட்டுக்கான வாய்ப்பு ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் போன்ற அரியலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதிகளுக்கே மிகுதி. பெரம்பலூர் மக்களின் அச்சத்தை இவ்வுண்மை முற்றிலும் நீக்கிவிடாது. எனினும் இரு மாவட்டங்களின் நிலையையும் ஒரே தட்டில் வைத்து நோக்குவது பொருந்தாது.

4. கொள்கை மாற்றங்கள்

ஷேல் எரிவாயுவை ஆராய்ந்து எடுப்பதற்கான முதல் கொள்கை நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2013 அக்டோபரில் வெளியிட்டது. முதற்கட்டத்தில் ஓ.என்.ஜி.சி.க்கு ஒதுக்கப்பட்ட 50 பகுதிகளுள் 9 காவிரிப் படுகையைச் சேர்ந்தவை. 2016இல் வந்த புதிய ஹைட்ரோகார்பன் உரிமக் கொள்கை, எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் ஆகிய அனைத்துக்கும் ஒரே உரிமம் என்ற முறையை ஏற்படுத்தியது. பழைய ஒப்பந்தப் பகுதிகளிலும் மரபுசாரா ஹைட்ரோகார்பன்களை எடுக்கலாம் என 2018 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எண்ணெய் வயல்கள் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்துக்கு 2025இல் நிறைவேறிய திருத்தம், கனிம எண்ணெய் என்பதன் வரையறைக்குள் ஷேல் வாயுவையும் கொண்டுவந்தது.

ஒரு விண்ணப்பம் ‘ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறு’ என்று மட்டும் குறிக்கும்போது, உள்ளூர் மக்கள் அதனை ஷேல் எரிவாயுவின் முதற்படியாகக் காண்பது வெறும் வதந்தியின் விளைவு எனத் தள்ளப்படுவதுண்டு. ஒரே உரிம முறை வந்தபின் அவ்வாறு தள்ளிவிட இயலாது. எந்த வகை வாயு என்ற வேறுபாட்டை உரிமமே கைவிட்ட நிலையில், அவ்வேறுபாட்டைச் சுட்டி மக்களின் ஐயத்தைத் தீர்க்க முடியாது. மறுபுறம், ஓ.என்.ஜி.சி. நாட்டின் பல படுகைகளில் ஷேல் ஆய்வுக் கிணறுகளைத் தோண்டியும் வணிக அளவிலான உற்பத்தி இதுவரை ஏற்படவில்லை என்பதையும் நடுநிலையோடு குறிப்பிட வேண்டும்.

இக்கொள்கைகளோடு ஒரு நடைமுறை மாற்றமும் சேர்ந்தது. 2020 ஜனவரி 16ஆம் நாளிட்ட அறிவிக்கையின் மூலம், எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துளையீடு ‘பி2’ பிரிவுக்கு மாற்றப்பட்டது. இதனால் அனுமதி வழங்கும் அதிகாரம் மாநில ஆணையத்திடம் வந்தது. அதே வேளையில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையற்றதாயிற்று. ஆகவே 2021ஆம் ஆண்டு விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, அரியலூர் உழவர்கள் தம் கருத்தைப் பதிவு செய்வதற்கு முறையான மன்றம் எதுவும் இல்லை. அறிக்கைகளும் ஆர்ப்பாட்டங்களுமே எஞ்சின.

5. எதிர்ப்பின் அடிப்படைகள்

டெல்டாவில் எதிர்ப்பின் மொழி நெல்லையும் காவிரியையும் சார்ந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பிலான மீத்தேன் திட்டத்துக்கு எதிராக நம்மாழ்வார் மேற்கொண்ட பரப்புரை, 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நிகழ்ந்த போராட்டங்கள் ஆகியவை அம்மொழியை உருவாக்கின. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் எதிர்ப்புக்கு அதனின் வேறான மூன்று அடிப்படைகளைக் காணமுடிகிறது.

5.1 நிலம் இழந்த அனுபவம்

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்காக 1990களின் பிற்பகுதியில் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டது. மின்நிலையம் எழவில்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டு, நிலங்களை உரியவர்களிடமே திருப்பி வழங்க அரசு முடிவு செய்தது. இடைப்பட்ட காலத்தில் அந்நிலத்தை நம்பி ஒரு தலைமுறை கடன் பெறவும் இயலவில்லை, விற்கவும் இயலவில்லை. பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூர், திருமாந்துறை வட்டாரத்திலும் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கெனச் சுமார் 3000 ஏக்கர் பெறப்பட்டு, நெடுங்காலம் தொழில் எதுவும் வராமல் கிடந்தது. ‘முதலில் நிலம், பிறகு வேலை’ என்ற வாக்குறுதியை இப்பகுதியினர் ஐயத்தோடு நோக்குவதற்கு இவ்விரு நிகழ்வுகளே போதுமானவை.

5.2 குவிந்த சுமை

ஒரு பகுதியைத் ‘தொழிற்பகுதி’ என்று வகைப்படுத்தும்போது, அங்கு மேலும் ஒரு தொழில் வருவதால் பெரிய மாற்றம் நேராது என்ற கருத்து உள்ளூறப் பதிந்துவிடுகிறது. மக்கள் அதே உண்மையிலிருந்து எதிர்மாறான முடிவுக்கு வருகின்றனர். சுரங்கக் குழிகள், தூசு, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளால் நேரும் விபத்துகள் ஆகியவற்றை ஏற்கெனவே தாங்கி நிற்கும் ஊர் இன்னொரு சுமையைத் தாங்காது என்பது அவர்கள் வாதம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே எடைபோடுகிறது. மனிதரோ எல்லாத் திட்டங்களின் விளைவையும் ஒருசேர நுகர்கின்றனர். இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான இடைவெளியே இங்கு எதிர்ப்பாக வடிவம் பெறுகிறது.

5.3 நீர்

அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாகக் கொள்ளிடம் ஓடுகிறது. புள்ளம்பாடி வாய்க்கால் மூலம் காவிரி நீர் இம்மாவட்டத்தின் ஏரிகளை வந்தடைகிறது. 2024இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கரைவெட்டியும் அவ்வாய்க்காலின் நீர் பெறுவதே. இப்பாசனத்துக்கு வெளியே உள்ள பகுதிகளும், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரும் மழையையும் கிணற்றையுமே நம்பியுள்ளன.

நீர்த்தேவையின் அளவை உணர ஓர் எளிய கணக்கைக் காணலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் சுமார் 7.55 லட்சம் பேர் வாழ்ந்தனர். ஊரகக் குடிநீர்த் திட்டம் வகுத்துள்ளபடி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் எனக் கொண்டால், மாவட்டத்தின் ஒருநாள் தேவை ஏறத்தாழ 4.15 கோடி லிட்டர். ஒரே ஒரு ஷேல் கிணறு இதனைப் பெரிதும் பாதிக்காது. ஆனால் நூறு கிணறுகள் என்று வைத்துக்கொண்டால், மேற்காட்டிய அளவுகளின்படி மாவட்டத்தின் 14 நாள் முதல் 145 நாள் வரையிலான குடிநீருக்கு ஈடான நீர் தேவைப்படும். இது விளக்கத்திற்கான கணக்கே. எனினும் ஆய்வுக் கிணற்றின் பாதிப்பை மட்டும் மதிப்பிட்டு உற்பத்திக் கட்டத்தை மதிப்பிடாமல் விடுவது ஏன் குறையுடையது என்பதை இது காட்டும்.

6. சட்டத்தின் எல்லைக்கோடு

2020 பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில், காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிப்பதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி கூறினார். அவ்வறிவிப்பில் அரியலூர், திருச்சிராப்பள்ளி, கரூர் மாவட்டப் பகுதிகளும் அடங்கியிருந்தன. பதினொரு நாள் கழித்து, பிப்ரவரி 20 அன்று பேரவையில் நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தில் அம்மூன்றும் இடம்பெறவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களுமே மண்டலமாயின.

அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றை ஆராய்தல், துளையிடுதல், எடுத்தல் ஆகியவற்றைத் தடைசெய்கிறது. ஷேல் வாயு அதில் பெயர் சுட்டியே இடம்பெற்றுள்ளது. ஆனால் அத்தடை கொள்ளிடத்தின் தென்கரையில் நின்றுவிடுகிறது. வடகரை அரியலூர் மாவட்டம். கிழக்கே காட்டுமன்னார்கோயில் ஒன்றியம் மண்டலத்துக்குள் உள்ளது. அதை ஒட்டிய ஜெயங்கொண்டம் வட்டாரம் மண்டலத்துக்கு வெளியே உள்ளது. களிப்பாறையும் நீர்தாங்கிப் படிவுகளும் இக்கோட்டை அறியா. கிடைமட்டத் துளையீடு நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் செல்ல வல்லது என்பதை நினைத்தால், கிணற்றின் வாய் எந்தக் கரையில் உள்ளது என்பதை மட்டும் கொண்டு பாதுகாப்பை வரையறுப்பதன் குறை விளங்கும்.

கிராமசபைத் தீர்மானம் இக்குறையை நிரப்புமா என்ற வினா எழலாம். நியமகிரி வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராமசபைகளின் முடிவுக்கு முதன்மை தந்தது. அது வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்தது. அத்தகைய உரிமைகள் எழாத அரியலூரின் சமவெளிக் கிராமங்களில் தீர்மானத்துக்குத் தார்மீக வலிமை உண்டே தவிர, திட்டத்தைத் தடுக்கும் சட்ட வலிமை இல்லை.

7. முடிவுகளால் கிடைத்த பாதுகாப்பு

சட்டம் இல்லாத இடத்தில் இதுவரை அரசின் முடிவுகளே காத்துள்ளன. 2021ஆம் ஆண்டின் நிராகரிப்பு அதற்கு முதற்சான்று. தமிழ்நாட்டின் எப்பகுதியிலும் ஹைட்ரோகார்பன் திட்டங்களை அனுமதிப்பதில்லை என்ற நிலைப்பாட்டையும் அமைச்சர் அப்போது தெரிவித்தார். 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகியவற்றோடு அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டியும் இடம்பெற்றது. ஏப்ரல் 4 அன்று பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், முதல் இரண்டும் பாதுகாக்கப்பட்ட மண்டலத்துக்குள் இருப்பதை முதலமைச்சரால் சுட்ட முடிந்தது. மைக்கேல்பட்டியைப் பொறுத்தவரை, வளமான டெல்டாவை ஒட்டியுள்ள பகுதி என்று மட்டுமே கூற முடிந்தது. ஏப்ரல் 8 அன்று மூன்றும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

முடிவால் கிடைக்கும் பாதுகாப்பின் நிலையாமையை 2025ஆம் ஆண்டு காட்டியது. மண்டலத்துக்கு வெளியே உள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு, அரியலூர் விண்ணப்பத்தை நிராகரித்த அதே மாநில ஆணையம் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியது. செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பின்னரே, அவ்வனுமதியைத் திரும்பப் பெற அறிவுறுத்தியிருப்பதாக அரசு தெரிவித்தது. அரசின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு மாறாதிருந்தும் அனுமதி ஒருமுறை கடந்து சென்றது என்பது கருதத்தக்கது.

8. முடிவுரை

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. உள்நாட்டு எரிவளங்களைத் தேடும் தேவையை மறுப்பதற்கில்லை. அத்தேவைக்கு ஈடாக எந்த நிலத்தையும் எந்த நீரையும் வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் முறையே இங்கு வினாவாகிறது. அரியலூர், பெரம்பலூர் எதிர்ப்பு, நிலம் இழந்த அனுபவத்திலும் குவிந்த சுமையிலும் நீர் அச்சத்திலும் வேர்கொண்டது. அது டெல்டாப் போராட்டத்தின் நிழல் அன்று.

2020ஆம் ஆண்டின் சட்டம் திருத்தத்துக்கு இடமளிப்பதே. மயிலாடுதுறை தனி மாவட்டமானபின் அதன் பெயர் 2023இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. கொள்ளிடத்தின் வடகரை ஒன்றியங்களைச் சேர்ப்பதற்கு அவ்வழி திறந்தே உள்ளது. ஆனால் பெரம்பலூரை ‘டெல்டா’ என்னும் சொல்லுக்குள் அடக்க இயலாது. அதற்கு வேளாண் மண்டலம் என்ற அளவுகோலுக்கு மாற்றாக, நீர்தாங்கிப் படிவுகளின் பரப்பையும் ஏற்கெனவே உள்ள தொழில்களின் மொத்தச் சுமையையும் அளவுகோலாகக் கொள்ளும் ஏற்பாடு தேவை. உற்பத்திக் கட்டத்தையும் சேர்த்து மதிப்பிடுதலும், ஆய்வுத் துளையீட்டுக்கும் கருத்துக்கேட்பு நடத்துதலும் அதன் பகுதிகளாக அமைய வேண்டும். அதுவரை, இம்மாவட்டங்களில் ஒவ்வொரு புதிய விண்ணப்பமும் மக்களைத் தொடக்கத்திலிருந்தே மீண்டும் போராட வைக்கும்.